தொடைக்குள் ஒரு முட்டுக்கட்டை

உசிலம்பட்டி வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "என் மகன் பிளஸ் டூ முடிக்கப்போகிறான். விளையாட்டு வீரர்களுக்கு அடிபடாமல் பார்த்துக்கொள்கிற டிரெய்னர் வேலைக்குப் போகணும் என்கிறான். ஸ்பிரே அடிப்பதைத் தவிர அதில் என்ன இருக்கிறது? நம்ம பக்கம் அப்படி வேலை கிடைக்குமா?"

ஸ்பிரேயை முதலில் முடித்துவிடலாம். அது தோலைக் குளிரவைத்துச் சற்று நேரம் மரத்துப்போகச் செய்யும். உள்ளே கிழிந்த நாருக்கு ஒன்றும் செய்யாது. அடிபட்டால் ஐஸ் வை என்ற சூத்திரத்தை 1978இல் பரப்பிய அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கினே, வலி குறைந்தாலும் ஐஸ் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று பின்னாளில் எழுதினார். வண்ண டேப், மசாஜ் கன் எல்லாவற்றிலும் விளம்பரம் பெரிது, ஆதாரம் சிறிது. டிரெய்னரின் அசல் வேலை தொடையின் பின்பக்கத்தில் இருக்கிறது.

மதுரையை ஒட்டிய சக்கிமங்கலத்து ரேவதி வீரமணி 2021 ஜூலையில் பாட்டியாலாவில் 400 மீட்டரை 53.55 விநாடியில் ஓடி, டோக்கியோ ஒலிம்பிக் கலப்புத் தொடர் ஓட்ட அணிக்குத் தேர்வானார். அந்த ஒரு சுற்றில் அவருடைய ஒவ்வொரு காலும் ஏறத்தாழ நூறு தடவை முன்னே வீசப்பட்டிருக்கும். வீசிய காலை, பாதம் தரையைத் தொடுமுன் யாராவது நிறுத்தியாக வேண்டும். நிறுத்துவது ஹாம்ஸ்ட்ரிங் எனப்படும் பின்தொடைச் சதை. அந்தக் கணத்தில் அது நிற்கும்போது இருக்கும் நீளத்தைவிடச் சுமார் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக இழுபட்டிருக்கும். இழுபட்டுக்கொண்டே இறுக்கியும் பிடிக்க வேண்டும். வேகமாக ஓடுகிறவர் திடீரென்று தொடையைப் பிடித்துக்கொண்டு உட்காருவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

மதுரைச் சித்திரைத் தேரைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். வடம் பிடிப்பவர்கள் ஆயிரக்கணக்கில். சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவர்கள் சிலர். தேர் மாசி வீதி முனையில் திரும்புவதும் நிற்பதும் அவர்கள் கையில். கட்டை ஒரு நொடி பிந்தினால் தேர் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. தொடையில் முன்சதை வடம், பின்சதை கட்டை. ஆனால் மரக்கட்டை தேய்ந்தால் தேய்ந்ததுதான். சதை அப்படியில்லை. தெற்குமாசி வீதியில் தேய்ந்த கட்டை, மேலமாசி வீதிக்குள் வருவதற்குள் தானே ஒரு விரற்கடை வளர்ந்து, இன்னும் வாகாகச் சக்கரத்துக்கு அண்டை கொடுப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். சதை செய்வது அதைத்தான்.

சதைநார் என்பது சார்கோமியர் என்ற நுண்ணிய கண்ணிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த சங்கிலி. இழுபட்டபடி வேலை செய்யும்போது பலவீனமான கண்ணிகள் முதலில் சேதமாகின்றன. அழகர்மலைப் பாதையில் ஏறும்போது மூச்சு வாங்கும். ஆனால் அடுத்த நாள் தொடை வலிப்பது இறங்கியதற்காக. ஓரிரு வாரம் கழித்து அதே இறக்கத்தில் இறங்கிப்பாருங்கள், வலி வெகுவாகக் குறைந்திருக்கும். ஏன்? 1994இல் ஆஸ்திரேலியாவில் லின், மார்கன் என்ற இருவர் எலிகளை இறக்கத்தில் ஒரு கூட்டமும் ஏற்றத்தில் ஒரு கூட்டமுமாக ஓடவிட்டார்கள். இறக்கத்தில் ஓடிய எலிகளின் தொடைநாரில் கண்ணிகள் அதிகமாக இருந்தன. சங்கிலி நீண்டால் ஒவ்வொரு கண்ணியும் இழுபடும் அளவு குறையும். கிழிக்கிற அதே இழுப்பைச் சிறு அளவில் கொடுத்தால் எளிதில் கிழியாத சதை கிடைக்கிறது. உடலியலில் எனக்கு இதைவிடப் பிடித்த விஷயம் குறைவு.

மனிதர்களுக்கான பயிற்சிக்கு மெஷின் வேண்டாம். ஒருவர் பாயில் முட்டி போடுகிறார்; இன்னொருவர் அவர் கணுக்காலை அழுத்திப் பிடிக்கிறார். முட்டி போட்டவர் இடுப்பை மடக்காமல், முடிந்தவரை மெதுவாக முகம் குப்புறச் சாய்ந்து, கடைசியில் கைகளை ஊன்றிக்கொள்கிறார். அவ்வளவுதான். டென்மார்க்கில் 942 கால்பந்து வீரர்களை வைத்து இதைச் சோதித்து 2011இல் முடிவு வெளியிட்டார்கள். செய்தவர்கள் தரப்பில் பின்தொடைக் காயம் 15, செய்யாதவர்கள் தரப்பில் 52.

அமெரிக்காவில் 1950லேயே டிரெய்னர் தொழிலுக்குச் சங்கம் வந்துவிட்டது. நம் நாட்டில் 2011இல் உலகக் கோப்பை வென்ற கிரிக்கெட் அணியின் உடல்தகுதிப் பயிற்சியாளர் சென்னையைச் சேர்ந்த ராம்ஜி சீனிவாசன். வரலாறு இது போதும்.

இனி வேலை. இங்கே இது ஒரே பதவியாக இல்லை. பிசியோதெரபிஸ்ட், உடல்தகுதிப் பயிற்சியாளர் என்று பிரிந்து கிடக்கிறது. பையன் பி.பி.டி. என்ற பிசியோதெரபிப் பட்டம் படித்துவிட்டு விளையாட்டுப் பக்கம் திரும்பலாம். உடல்தகுதிப் பயிற்சியாளர் வழி என்றால், சென்னைக்கு அருகே மேலக்கோட்டையூரில் உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஆறு மாதச் சான்றிதழைக் காட்டிக் கிரிக்கெட் அணியில் சேர்த்துவிடுவதாகச் சொல்கிறவர்களிடம் பணம் கட்ட வேண்டாம். மாவட்டங்களில் ஓட்டம் சொல்லிக்கொடுக்கிற கோச்சே பெரும்பாலும் டேப்பும் ஒட்டுகிறார். இந்த வேலைக்கென்று தனி ஆள் தேவை என்று கல்லூரிகளும் கபடிக் குழுக்களும் பெரும்பாலும் உணரவில்லை. நடக்காமல் போன காயம் யார் கணக்கிலும் ஏறாது. சம்பளம் கேட்பது கடினமாக இருப்பது அதனால்தான். எனக்கு இது உண்மையிலேயே வருத்தம்.

ஆள் எதற்கு, பயிற்சிதான் இவ்வளவு எளிதாயிற்றே என்றால், அளவு தெரியாமல் செய்து கெடுத்துக்கொள்கிறவர்கள்தான் பதில். முதல் நாளே முப்பது முறை சாய்ந்த பையன் மூன்று நாள் உட்கார எழ முடியாமல் தவித்து, பிறகு பாயின் பக்கமே வரமாட்டான். டென்மார்க் சோதனையில் முதல் வாரம் ஒரே ஒரு நாள், ஐந்தைந்தாக இரண்டு சுற்று மட்டும்தான் கொடுத்தார்கள். வாரம் மூன்று நாள் என்று ஏற்றியது மூன்றாவது வாரத்தில். யாருக்கு எப்போது ஏற்றுவது, யாரை இன்று பாயில் இறக்கவே கூடாது என்று முகத்தையும் நடையையும் பார்த்துச் சொல்லத் தெரிய வேண்டும். உங்கள் மகன் படிக்கப்போவது இதைத்தான்.