அறுபத்து மூவரும் அத்வைதமும்

வருஷந்தோறும் பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள் மாலையில் திருமயிலை மாடவீதிகள் நான்கும் ஜனசமுத்திரமாகிவிடுகின்றன. எமது அபிராமபுரத்திலிருந்து கபாலீசுவரர் கோயில் குளக்கரை நடந்து செல்லும் தூரந்தான். ஆயினும் அன்று அதைக் கடப்பதற்குள் நீர்மோரும் பானகமும் நீட்டும் அன்பர்கள் பலருக்கு விடை கூறியே ஆகவேண்டும். கபாலீசுவரர் எழுந்தருள, நாயன்மார் அறுபத்து மூவரும் பல்லக்குகளில் உடன் வருகின்றனர். கண்டு கைகூப்புவோர் கணக்கிலர். அக்காட்சியில் பொதிந்துள்ள வினாவை நின்று சிந்திப்போர் மிகச் சிலரே.

அவ்வினா யாதெனில், முக்தி பெற்ற ஆன்மா பரம்பொருளோடு ஒன்றிவிடுகிறது என்கிறோம். நதி கடலிற் கலந்தபின் காவிரி நீர் எது, பாலாற்று நீர் எது என்று பிரிப்பாரில்லை என்று உவமையும் காட்டுகிறோம். அங்ஙனமாயின், என்றோ சிவத்தோடு கலந்துவிட்ட இவர்களை அறுபத்து மூன்று தனித்தனித் திருமேனிகளாக வார்த்து, ஒவ்வொருவருக்கும் ஒரு குருபூஜை நக்ஷத்திரமும் வைத்து, இன்னும் பெயர் சொல்லி அழைப்பானேன்? கரைந்து போனவர்க்குப் பல்லக்கு எதற்கு?

அவர்கள்தாம் எத்தனை வகையினர்! திருநீலகண்டர் மண்பாண்டம் வனைந்தவர். அதிபத்தர் கடலில் வலை வீசியவர். திருக்குறிப்புத்தொண்டர் துணி வெளுத்தவர். சேரமான் பெருமாள் முடிமன்னர். காரைக்காலம்மையார் தம் அழகிய வடிவை உதறிப் பேயுருவை வேண்டிப் பெற்றவர். சாக்கியர் பௌத்த வேடத்தைக் களையாமலே நாள்தோறும் லிங்கத்தின்மேல் ஒரு கல்லை எறிந்து, அதையே பூஜையாக்கினார். இந்த மயிலையிலேயே பிறந்த வாயிலாரோ வாய் திறவாமல் மனத்துக்குள்ளேயே கோயில் கட்டி வழிபட்டவர். தொழில், குலம், பேச்சு, மௌனம் எதிலும் ஒருவரை ஒருவர் ஒத்தவரல்லர்.

இதற்குத் தத்துவ விடை தேடுவோர் பதின்மூன்றாம் நூற்றாண்டின் மெய்கண்டாரிடம் செல்லவேண்டும். அத்வைதம் என்ற சொல்லில் முன்நிற்கும் எதிர்மறை, இரண்டாவது பொருளே இல்லை என்று கூறவில்லை, இரண்டாய்ப் பிரிந்து நில்லாமையையே கூறுகிறது என்பது அவர் வழிவந்தோர் கொண்ட பொருள். இன்மை வேறு, அன்மை வேறு. சட்டப்புத்தகத்தில் ஒரு சொல்லின் பொருளுக்காக நாட்கணக்கில் வாதாடும் எம் போன்ற வக்கீல்களுக்கு இந்த நுட்பம் மிகவும் உவப்பானது! அவ்வழியில் வந்த உமாபதி சிவம் திருவருட்பயனில் எடுத்த உவமையோ இலக்கணத்தில் பிறந்தது. தாள் என்ற சொல்லும் தலை என்ற சொல்லும் புணர்ந்தால் தாடலை என்ற ஒரே சொல்லாகின்றன. காதுக்கு ஒன்று, ஆயினும் தாளும் அழியவில்லை, தலையும் அழியவில்லை. இறைவன் தாளில் அடியவன் தலை பொருந்தியதும் அதுவே. ஆறும் கடலும் என்ற உவமையைக் காட்டிலும் இதுவே எமக்குச் சரியாகப் படுகிறது.

இவையெல்லாம் மடத்துப் பண்டிதர்களின் சொற்போர், தேசத் தொண்டில் இறங்கிய எமக்கு இதனால் ஆவதென்ன என்று நேயர்களிற் சிலர் கேட்கலாம். ஆவது மிக உண்டு. சேக்கிழாரின் பெரியபுராணத்திலேயே இருவகை ஐக்கியம் காணப்படுகிறது. காளத்தி மலையில் வேடர் கண்ணப்பர் வாயில் மென்று பதம் பார்த்த ஊனைப் படைக்கிறார். ஆகமம் அறிந்த சிவகோசரியார் பதறுகிறார். இறைவனோ வேடரை வேடராகவே ஏற்றுத் தம் வலப்பக்கத்தில் இருத்திக்கொள்கிறார். ஆதனூர்த் திருநாளைப்போவாரின் கதை அப்படியன்று. நந்தனாரென நாம் போற்றும் அப்பெரியார் தில்லைக்குள் செல்லுமுன் தீக்குழியில் இறங்கவேண்டியிருந்தது. பூணூல் அணிந்த முனிவராக அவர் வெளிப்பட்ட பின்னரே கைகள் அவரை நோக்கிக் கூப்பின. முன்னது தாடலை, பின்னது, வந்தவனை இல்லாமற் செய்து பின்பு ஒன்றென்பது.

பரமார்த்தத்தில் எல்லாம் ஒரே ஆன்மா, ஆனால் வியாவஹாரிகத்தில் பேதம் உண்டு என்று சிலர் சமாதானம் சொல்வர். சங்கரர் காசியில் எதிர்ப்பட்ட சண்டாளனை விலகச் சொன்னபோது, விலகவேண்டியது இந்த உடலா, எங்கும் நிறைந்த ஆன்மாவா என்று அவன் திருப்பிக் கேட்டானென்பதும், ஆசாரியர் அவனையே குருவென வணங்கினாரென்பதும் பரம்பரையாகச் சொல்லப்படும் கதை. அத்வைதத்தின் பேரால் பேசுவோர் இக்கதையைச் சொல்கிறார்கள். தம் வீட்டு வாயிலில் அந்தக் கேள்வி வந்து நின்றால் மட்டும் வியாவஹாரிகத்தைத் துணைக்கு அழைக்கிறார்கள். ஒருமை என்ற சொல் இவ்விதம் எதிரே நிற்கும் மனிதனைப் பாராதிருக்கவே பயன்படுமானால், அதைவிடப் பேதம் பேசுவோனின் வெளிப்படையே மேல்.

திருவிதாங்கூரில் 1936ஆம் ஆண்டு நவம்பர் 12 அன்று மன்னரின் பிரகடனம் கோயிற் கதவுகளைத் திறந்தது. மதுரையில் 1939 ஜூலை 8 அன்று அ. வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்ட வகுப்பினரை மீனாட்சியம்மன் சந்நிதிக்கு அழைத்துச் சென்றார். 1947இல் சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் நிறைவேறியது. இத்தனைக்கும் பின், விழுப்புரம் ஜில்லா மேல்பாதி கிராமத்தில் திரௌபதியம்மன் கோயிலுள் தலித் மக்கள் நுழைவதைப் பற்றி எழுந்த தகராறு முற்றி, 2023 ஜூனில் அதிகாரிகள் அக்கோயிலைப் பூட்டி முத்திரையிடும்படி ஆயிற்று. அங்கே தீக்குழி தோண்டப்படவில்லை. ஆனால் நீ நீயாக உள்ளே வராதே என்ற பழைய நிபந்தனை மட்டும் மாறவில்லை.

திருவாரூரில் சுந்தரமூர்த்திகள் தேவாசிரிய மண்டபத்தில் கூடியிருந்த அடியார்களை வணங்காது நேரே இறைவனிடம் சென்றபோது, விறன்மிண்டர் அவரையும், அவரை ஆண்ட இறைவனையுமே புறம்பென்று ஒதுக்கினார். இறைவனைத் தோழராகக் கொண்டவர்க்கும் அடியாரைக் கடந்து செல்லும் குறுக்குவழி இல்லையென்பது அவர் துணிபு. அதன்மேல் பிறந்ததே திருத்தொண்டத்தொகை. ஆதிசைவக் குலத்து அந்தணரான சுந்தரர் அதில் ஒவ்வோர் அடியார்க்கும் தம்மை அடியனென்று சொல்லிக்கொண்டே போகிறார். அவ்வரிசையில் திருநாளைப்போவாரும் இருக்கிறார். அவருடைய செம்மையைச் சுந்தரர் ஒரு சொல்லிற் குறிக்கிறார். தீயைப் பற்றி அங்கே பேச்சே இல்லை.