கூன் முதுகும் மூச்சின் அளவும்

முதுகு வளைந்த பிள்ளையைக் கண்டால் நம் கிராமத்தார் அதனை அழகுக் குறை என்றே எண்ணுகின்றனர். பெண்ணாயின் திருமணக் கவலையும் சேர்ந்துகொள்ளும். அவ்வளைவு மூச்சையும் தாக்கக்கூடும் என்பதைப் பலர் அறியார். நாற்றுக்கட்டைச் சுமந்து நாலடி நடந்ததும் இளைக்கும் சிறுவனைச் சோம்பேறி என்று ஏசுவதும் உண்டு.

மார்புக்கூடு கொல்லன் துருத்தியைப் போன்றது. 12 ஜோடி விலா எலும்புகளும் பின்புறம் முதுகெலும்பில் பொருந்தியுள்ளன. மூச்சை இழுக்குங்கால் அவை உயர்ந்து விரிகின்றன. முதுகெலும்பு பக்கவாட்டில் வளையும்போது முறுக்கியும் கொள்வதால், ஒருபுறத்து விலாக்கள் நெருங்கி, மறுபுறத்தவை புடைத்து நிற்கின்றன. பலகை கோணிய துருத்தி முழுதும் விரியுமோ? நுரையீரலில் நோயில்லாவிடினும் காற்றுக்கு இடம் குறைகிறது. சிறு வளைவுகளால் பெரும்பாலும் தீங்கில்லை. 100 பாகையை நெருங்கும் வளைவோ இதயத்தையும் வருத்தவல்லது. குழந்தைப் பருவத்தில் தோன்றுவது இன்னும் கொடியது. நுரையீரலின் காற்றறைகள் பெருகும் காலம் அதுவேயன்றோ?

மூச்சை அளக்கும் கருவியை லண்டன் மருத்துவர் ஜான் ஹட்சின்சன் 1846-ஆம் ஆண்டில் விளக்கி வெளியிட்டார். மூச்சை நிறைய இழுத்து, வேகமாய் முழுதும் ஊதவேண்டும். மொத்தக் காற்று எவ்வளவு, முதல் வினாடியில் வெளிவந்தது எவ்வளவு என்று கணக்கிடுவர். ஆஸ்துமா குடத்தின் வாய் குறுகியது போன்றது. முதல் வினாடியின் பங்கு குறையும். முதுகு வளைவிலோ குடமே சிறுத்துவிடுகிறது. மொத்தம் குறையும், முதல் வினாடியின் பங்கு பெரும்பாலும் குறைவதில்லை.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. ஒருவர் எவ்வளவு ஊதவேண்டும் என்பதை வயது, உயரம் முதலியவற்றைக் கொண்டே மதிப்பிடுகின்றனர். வளைந்த முதுகோ உயரத்தைக் குறைத்துக் காட்டும். அவ்வுயரத்தையே எழுதினால் மதிப்பீடும் தாழ்ந்து, உண்மையான குறை மறைந்துபோகும். ஆகவே, இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டச்செய்து, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனிவரை அளந்து, அதனைக்கொண்டே உயரத்தைக் கணிக்கவேண்டும். பரிசோதனைக்கு அழைத்துச் செல்வோர் இதனை மருத்துவரிடம் தயங்காது கேட்கலாம்.

பள்ளிகளில் 10 முதல் 14 வயதுள்ள பிள்ளைகளைக் கால்களைச் சேர்த்து, முழங்கால் மடக்காமல் முன்குனியச் செய்து பின்னிருந்து பார்த்தால், ஒருபுற விலா உயர்ந்திருப்பது புலப்படும். அத்தகையோரை அரசு மருத்துவமனைக்கு அனுப்பப் பஞ்சாயத்தார் ஏற்பாடு செய்யலாம். வளைவு மிகுந்தவர்க்குக் காலையில் தலைவலியும் பகலில் தூக்கமயக்கமும் காணின் தாமதிக்கலாகாது. இரவில் மூச்சு போதாமையின் அறிகுறியாக அவை இருக்கக்கூடும்.

முதுகுவலியோடு காய்ச்சலும் மெலிவும் தோன்றிக் கூன் விழுமானால், அது முதுகெலும்புக் காசநோயாகவும் இருக்கலாம். அதற்குரிய மருந்துகள் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே வழங்கப்படுகின்றன.