போக்கிடம் எங்கே?

“அடிக்கிற கைதான் அணைக்கும்” என்று நம் நாட்டில் ஒரு பழமொழி வழங்குகிறது. அடிபட்ட ஸ்திரீ யாரும் இதைச் சொல்லி நாம் கேட்டதில்லை. பக்கத்தில் நின்று பார்ப்பவர்களே சொல்லக் கேட்டிருக்கிறோம்!

புருஷனின் கொடுமையைச் சகித்துக்கொண்டு அவள் சும்மா இருப்பதாக ஊரார் நினைக்கிறார்கள். உண்மையில் அவள் ஓயாமல் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள். படியேறும் காலடி ஓசையிலேயே அவன் எந்த நிலையில் வருகிறான் என்று ஊகிக்கிறாள். குழந்தைகளை முன்னதாகவே தூங்க வைக்கிறாள். அரிசிப் பானைக்குள் பத்து ரூபாய் ஒளித்து வைக்கிறாள். நெற்றிக் காயத்தைப் பற்றி யாராவது கேட்டால், நிலைப்படி இடித்துவிட்டது என்கிறாள். இதற்குப் பொறுமை என்று பெயர் சூட்டிப் புகழ்கிறோம். அவளுக்கோ இது உயிர் பிழைக்கும் உபாயம்.

2019-21ம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் விவாகமான பெண்களில் நூற்றுக்கு 29 பேர் கணவனின் கொடுமைக்கு ஆளானவர்கள். தமிழ்நாட்டிலோ 38 பேர். அடி உதை முதலிய கொடுமைகளை அனுபவித்த பெண்களில் பிறர் உதவியை நாடியவர்கள் நூற்றுக்கு 14 பேர்தான்.

மற்றவர்கள் ஏன் வாய் திறக்கவில்லை? பிறந்த வீட்டில் கிடைக்கும் பதில் அவர்களுக்கு முன்கூட்டியே தெரியும்: “கொஞ்சம் அனுசரித்துப் போ, அம்மா! அந்த வீட்டை விட்டால் உனக்குப் போக்கிடம் ஏது?”

இந்தக் கேள்விக்குச் சட்டம் பதில் சொல்லிவிட்டது. 2005ல் இயற்றப்பட்டு, 2006 அக்டோபர் 26ந் தேதி அமுலுக்கு வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி, வீடு யார் பெயரில் இருந்தாலும் அதில் வசிக்கும் உரிமை மனைவிக்கு உண்டு. அவசியமானால், அடிக்கிறவனையே வெளியேறும்படி மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். பாதுகாப்பு அதிகாரி மனு எழுத உதவுவார். 181 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்தால் எந்நேரமும் ஆலோசனை கிடைக்கும்.

ஆனால், கோர்ட்டுப் படி ஏறுவதற்கு முன் அவள் ஏற வேண்டிய படி ஒன்று இருக்கிறது. அது பிறந்த வீட்டுப் படி. அங்கே, “உன் கூடம் இது, உட்கார். நடந்ததைச் சொல்” என்று தாயோ தமையனோ சொல்லிவிட்டால், பாதிப் பயம் தீர்ந்துவிடும். கல்யாணத்துக்கு ஆயிரம் பேரை அழைக்கும் நம் குடும்பங்களுக்கு, ஒரு பெண்ணை உள்ளே வா என்று அழைப்பது அவ்வளவு சிரமமா?