எக்ஸ்றே எடுப்பதும் ஒரு படிப்போ?

சில ஆண்டுகளுக்கு முன்னர் மீள்குடியேறிய கிராமமொன்றிற்கு நாம் சென்றிருந்தோம். மிளகாய்த் தோட்டத்தில் நின்ற தாயொருவர் எம்மை மறித்துக் கேட்டார்: "சுவாமி, பிள்ளைக்கு டொக்டருக்குப் படிக்க மார்க்ஸ் காணாதாம். எக்ஸ்றே எடுக்கிற படிப்புத்தான் கிடைக்கும் போல கிடக்கு. உது ஒரு படிப்போ? திரும்பச் சோதினை எடுக்கச் சொல்லட்டோ?" பின்னர் குரலைத் தாழ்த்தி, "அந்த அறைக்குள்ள வேலை செய்தால் பொம்பிளைப் பிள்ளையளுக்குப் பிள்ளை பிறக்காதெண்டும் சனம் கதைக்குது" என்றார்.

எமது பெற்றோர் பலரின் மனதிலும் இவ்விரு கேள்விகளும் உள்ளன. எனவே அவற்றிற்கு இங்கு விடை கூற முனைகின்றோம்.

படிப்பு எத்தகையது?

1895 நவம்பர் 8ஆம் திகதி ஜேர்மனியின் வூர்ஸ்பேர்க் நகரில் றொன்ட்ஜன் என்னும் பேராசிரியர் இக்கதிர்களைக் கண்டறிந்தார். தசையை ஊடுருவும் இக்கதிர்களை எலும்பு பெருமளவு தடுத்துவிடும். இந்த வேறுபாடே படமாகின்றது.

எமது நாட்டில் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் இணை சுகாதார விஞ்ஞான பீடத்தில் கதிர்ப்படவியல் நான்கு வருடப் பட்டப்படிப்பாக உள்ளது. உடலமைப்பு, உடற்றொழில், கதிர்களின் பௌதிகவியல், நோய்க்குறிகள், நோயாளர் பராமரிப்பு, கதிர்ப் பாதுகாப்பு என்பன இத்துறையின் அடிப்படைப் பாடங்கள். கற்றதை வைத்தியசாலையில் செய்து பழகவும் வேண்டும்.

பொத்தானை அழுத்துவதுதானே வேலை என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு நெஞ்சுப் படத்தை எடுத்துக்கொள்வோம். நோயாளி நெஞ்சைத் தட்டோடு அணைத்து நிற்க வேண்டும். தோள்களை முன்னே தள்ளினால்தான் தோட்பட்டை எலும்பு நுரையீரலை மறைக்காது. மூச்சை நன்றாக இழுத்து அடக்க வேண்டும். அசைந்தால் படம் கலங்கும். கலங்கிய படத்தில் காசநோயின் சிறு நிழல் வைத்தியரின் கண்ணுக்குத் தப்பிவிடலாம்.

ஆபத்து உண்டா?

உண்டு. ஆரம்ப காலத்தில் அளவறியாது இக்கதிர்களுடன் வேலை செய்தோர் பலர் மாண்டனர். எடிசனின் உதவியாளரான கிளாரன்ஸ் டாலி 1904இல் இறந்தமை அதற்குச் சான்று. அந்த இழப்புகளிலிருந்தே இன்றைய பாதுகாப்பு விதிகள் பிறந்தன.

கிருமிநாசினி விசிறும் விவசாயிக்கு இவ்விதிகள் புதியவையல்ல. அளவோடு பாவி, விலகி நில், உடலை மூடு என்பவையே அவை. இரு மடங்கு தூரம் விலகினால் கதிரின் செறிவு நான்கில் ஒன்றாகக் குறையும். ஈய மேலங்கியும் ஈயத் தடுப்பும் கதிரைத் தடுக்கும். ஊழியர் அணியும் சிறு அளவுக்கருவி அவர் பெற்ற கதிரின் அளவைக் காட்டும். சர்வதேசப் பரிந்துரைப்படி அது ஐந்து வருடச் சராசரியாக வருடத்திற்கு 20 மில்லிசீவேட்டைத் தாண்டலாகாது. ஒரு நெஞ்சுப் படத்தில் நோயாளிக்குக் கிடைப்பதோ ஏறத்தாழ 0.1 மில்லிசீவேட் மட்டுமே. விதிகளைக் கைக்கொள்ளும் பெண் இத்தொழிலால் மலடியாவதில்லை. கருவுற்றால் உடனே மேலதிகாரிக்கு அறிவிக்க வேண்டும். அப்போது சிசுவுக்கென மேலும் இறுக்கமான எல்லை கடைப்பிடிக்கப்படும்.

எமக்கு ஏன் இது முக்கியம்?

எம்மவர் பலர் இன்றும் உடம்பில் ஷெல் துண்டுகளைச் சுமந்து வாழ்கின்றனர். எம்.ஆர்.ஐ. இயந்திரம் எக்ஸ்றேயைப் போன்றதன்று. அது வலிமை மிக்க காந்தம். கண்ணருகிலோ முள்ளந்தண்டருகிலோ இரும்புத் துண்டு இருப்பவர் அதற்குள் சென்றால் துண்டு அசைந்து பெருங்கேடு விளையலாம். ஆதலால் "உங்கட உடம்பில ஷெல் துண்டு, சன்னம் ஏதும் இருக்கோ?" என்று முன்கூட்டியே கேட்பது கதிர்ப்பட ஊழியரின் கடமை. அக்கேள்வி புரியாத மொழியில் கேட்கப்பட்டால் எமது முதியவர் தலையை மட்டும் ஆட்டுவார். அவரது மொழியில் கேட்டு, அவர் மறந்ததையும் நினைவுபடுத்தக்கூடிய ஒரு பிள்ளை அங்கு இருந்தால் ஓர் உயிர் காக்கப்படலாம்.

பெற்றோர் செய்ய வேண்டியது

உயர்தரத்தில் உயிரியல், பௌதிகவியல், இரசாயனவியல் படிக்கும் பிள்ளைக்கு இவ்வழி உண்டு. அனுமதி இஸட் புள்ளியின்படியே கிடைக்கும். தகைமைகளைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஒவ்வோர் ஆண்டும் வெளியிடும் கைந்நூலில் பாருங்கள். படிப்பு ஆங்கிலத்தில் நடப்பதால் இன்றே ஆங்கிலத்தில் கவனம் செலுத்துங்கள். அரச பல்கலைக்கழகத்தில் கல்விக் கட்டணம் இல்லை. வசதி குறைந்தோர் மகாபொல புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பிக்கலாம். இடம்பெயர்வில் பிறப்புச் சான்றிதழ் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தில் இப்போதே பிரதி எடுத்து வையுங்கள். கடைசி நாளில் ஓட வேண்டாம்.

மூன்று தடவை பரீட்சை எழுத இடமுண்டுதான். ஆயினும் இடம்பெயர்வில் ஏற்கெனவே காலத்தை இழந்த பிள்ளையிடமிருந்து, அயலவர் பேச்சுக்காக இன்னுமொரு வருடத்தைப் பறிக்க வேண்டுமா? "மகளின் விருப்பத்தையும் ஒருக்காக் கேளுங்கோ அம்மா" என்றே அன்று அத்தாயிடம் கூறினோம். உங்களுக்கும் நாம் கூறுவது அதுவே.