பேரிளம்பெண்ணுக்கு அப்பால்

உலாப் பிரபந்தங்களைக் கற்றோர், மகளிர் பருவம் ஏழெனக் கூறப்படுவதை அறிவர். பேதை முதலாகப் பேரிளம்பெண் ஈறாக அவற்றை வகுத்த பாட்டியல் நூலார், ஒவ்வொரு பருவத்துக்கும் வயதெல்லையும் வரைந்தனர். அவ்வெல்லை பொதுவாக 40 வயதோடு முடிந்துவிடுகின்றது. அதன் பின்னரும் பெண் வாழ்கின்றாள். அவள் உடலிற் பெரியதொரு மாற்றமும் நிகழ்கின்றது. அம்மாற்றத்துக்கு அவ்வகுப்பில் இடமில்லை.

வழக்காற்றிலும் நிலைமை இதுவே. யாழ்ப்பாணத்து வீடுகளிற் பெண்பிள்ளை பெரியவளானால், சுற்றத்தாரை அழைத்து, நீராட்டி, ஆலாத்தி எடுத்துச் சாமத்தியச் சடங்கு செய்கிறோம். தொடக்கத்துக்கு இத்துணைச் சிறப்பு உண்டு. முடிவோ ஒருவருஞ் சொல்லாமலும் ஒருவருங் கேளாமலும் வந்து போகின்றது. பேசப்படாத ஒன்றை ஒரு பெண் எவ்வாறு இனங்கண்டு கொள்வாள்?

மருத்துவ நூலார் இதனை அறியாதவரல்லர். பூப்பு 12 வயதளவில் தொடங்கி 50 வயதளவில் ஒடுங்கும் எனச் சுசுருத சங்கிதை கூறுகின்றது. பிரெஞ்சு நாட்டு வைத்தியரான கார்தான் 1821ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இதற்கு ‘மெனோபோஸ்’ என்னும் பெயரை வழங்கினார்.

இது ஒரு நாளில் நேர்வதன்று. பெண்மகவு பிறக்கும்போதே அதன் சூலகங்களில் ஏறத்தாழ 10 இலட்சம் முதல் 20 இலட்சம் வரையான இளஞ்சூல்கள் அமைந்திருக்கின்றன. பூப்பெய்துங் காலத்தில் அவை சில இலட்சங்களாகக் குறைந்துவிடும். நடுவயதில் அவை மேலும் அருகி வர, ஈஸ்திரோஜன் என்னும் ஓமோன் சீராகச் சுரவாது கூடியுங் குறைந்துந் தளம்பும். மாதவிடாய் நின்ற பின்னரே அறிகுறிகள் தோன்றும் என எண்ணுவோர் பலர். உண்மையில், நிற்பதற்குச் சில ஆண்டுகள் முன்னதாகவே அவை தலைகாட்டத் தொடங்கும். பெரும்பாலார்க்கு இக்காலம் 40 வயதுக்கு மேல் வருகின்றது.

முதல் அடையாளம் நாட்கணக்குப் பிறழ்தல். 28 நாளுக்கொருமுறை வந்தது 21 நாளில் வரும். அடுத்த முறை 35 நாள் செல்லும். அடுத்தடுத்த சுற்றுகளிடையே 7 நாளோ அதற்கு மேலோ வேறுபாடு மீண்டும் மீண்டுங் காணப்படின் மாற்றம் தொடங்கிற்று எனவும், 60 நாளுக்கு மேல் வாராதிருப்பின் அது முதிர்ந்தது எனவும் வைத்தியர் கணிப்பர். தொடர்ந்து 12 மாதம் வாராதவிடத்தே முற்றாக நின்றது என்பர். அதுவரை கருத்தரித்தலுங் கூடும் என்பதை மறத்தலாகாது.

ஏனைய அடையாளங்கள் வேறு நோய்களைப் போலத் தோன்றி மயக்குவன. மார்கழி விடியற்பொழுதிலும் முகத்திலுங் கழுத்திலும் திடீரென வெம்மை பரவிச் சில நிமிடங்களில் வியர்த்து அடங்கும். காய்ச்சலோ என ஐயுறுவர். நெஞ்சு படபடக்கும், இருதய நோயோ என அஞ்சுவர். இரவில் உறக்கங் கலையும், மூட்டுகள் நோகும், சொல்ல வந்த சொல் நினைவுக்கு வாராது, சிறு காரணத்துக்குஞ் சினமும் அழுகையும் மூளும். ‘இவளுக்கு இப்பொழுது முன்கோபம்’ என்பர் வீட்டார். ‘ரீச்சர் முன்போலில்லை’ என்பர் மாணவர். உடலின் மாற்றத்துக்குக் குணத்தைக் குறைகூறுகின்றோம். காரணம் அறியாத அவளும் தன்னையே நொந்துகொள்கின்றாள்.

எனினும், எல்லாவற்றையும் வயதின்மேல் ஏற்றிவிடுதலுந் தவறு. தைரொயிட்டுச் சுரப்பிக் கோளாறும் குருதிச்சோகையும் இவ்வாறே தோன்றுதல் உண்டு. அளவு கடந்த உதிரப்போக்கு, இடைநாட்களிற் காணும் உதிரம், 12 மாதம் நின்றபின் மீண்டுங் காணும் உதிரம் ஆகியவற்றை ‘நிற்கிற காலம் அப்படித்தான்’ என ஒதுக்கிவிடலாகாது. அவை புற்றுநோயின் அறிகுறியாகவும் இருத்தல் கூடும். 40 வயதுக்கு முன்னரே மாதவிடாய் நின்றுவிடினும், எலும்பும் இருதயமும் நலிவுறாவண்ணம் வைத்திய ஆலோசனை பெறுதல் வேண்டும்.

செய்யத்தக்கது அரிதன்று. நாட்களையும் உடல்நிலையையும் ஒரு கொப்பியிற் குறித்து வைத்தால், வைத்தியரின் வினாக்கள் பலவற்றுக்கு அதுவே விடையாகும். நம் நாட்டில் 35 வயதடைந்த மகளிரை முன்னிட்டு 1996ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற சுவநாரி நிலையங்கள் உள்ளன. அங்கே குருதியமுக்கம், நீரிழிவு, மார்பகம், கருப்பைக் கழுத்து ஆகியன பரிசோதிக்கப்படுகின்றன. அந்நிலையம் எங்குள்ளதென அறிய ஊர்க் குடும்பநல உத்தியோகத்தரைக் கேட்டாற் போதும். துன்பம் மிகுந்தோர்க்கு ஓமோன் சிகிச்சை உட்படப் பரிகாரங்கள் உள. எவர்க்கு எது பொருந்தும் என்பதை வைத்தியரே தீர்மானித்தல் வேண்டும்.

மகளுக்குப் பூப்பினைப் பற்றிச் சொல்லிக் கொடுக்குந் தாய், தனக்கு நேரும் இம்மாற்றத்தையும் அவளுக்குச் சொல்லி வைத்தல் நன்று. கணவனும் பிள்ளைகளும் அறிந்திருப்பின், சினத்துக்கு எதிர்ச்சினம் எழாது. விடியுமுன் விழித்திருப்பவளுக்கு ஒரு வாய்த் தேநீரேனும் பிறர் கையாற் கிடைக்கும்.