சுடுதளமும் வெறுஞ்சுவரும்

துப்பாக்கிச் சூட்டுப் போட்டி என்றவுடன் நேயர்களின் மனத்தில் முதலில் எழுவது வெடியோசையாகவே இருக்கும். ஓசையும் புகையும் துளைபட்ட குறித்தாளுமே அவ்விளையாட்டின் முழு உருவம் என்று எண்ணுவோர் அநேகர். உண்மை வேறு. கைத்துப்பாக்கிப் போட்டிக்கு ஒருவரை ஆயத்தப்படுத்தும் உழைப்பிற் பெரும்பகுதி ஓசையின்றி நடைபெறுவது. வீட்டின் ஒரு மூலையில், வெறுஞ்சுவரின் முன்னே, ரவையில்லாத துப்பாக்கியோடு நடைபெறுவது. இதனை அறியாதவர் பணத்தையும் பொழுதையும் வீணாக்குகிறார். அரைகுறையாக அறிந்தவரோ தம் பிழைகளைத் தாமே வளர்த்துக்கொள்கிறார். தளத்துக்குச் செல்லும் பயணம், ரவையோடு சுடுதல், ரவையின்றிப் பழகுதல் ஆகிய மூன்றுக்கும் இடையே அளவறிந்து நடப்பது எவ்வாறு என்பதே இங்கு ஆராயத்தக்கது.

முதலிற் போட்டியின் இயல்பைச் சிறிது நோக்குவோம். ஒலிம்பிக் விளையாட்டுகளில் இடம்பெறும் கைத்துப்பாக்கிப் போட்டிகளுள் ஒன்று 10 மீற்றர் காற்றுத் துப்பாக்கிப் போட்டி. போட்டியாளர் ஒரு கையால் மட்டுமே துப்பாக்கியைப் பிடித்து, எவ்வித ஆதாரமுமின்றி நின்று சுடவேண்டும். தகுதிச் சுற்றில் 75 நிமிடங்களுக்குள் 60 முறை சுடவேண்டும். பத்துப் புள்ளிக்குரிய நடுவட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீற்றர், ஒரு சட்டைப் பொத்தானின் அளவே எனலாம். துப்பாக்கியின் எடை ஒன்றரைக் கிலோகிராமை மிகலாகாது. அதன் விசை அரைக் கிலோகிராமுக்குக் குறைந்த அழுத்தத்தில் இயங்கலாகாது. நீட்டிய கை நடுங்காதிருக்க, விரல் மட்டும் அந்த விசையை மெல்ல அழுத்த வேண்டும். கலை முழுவதும் இவ்வொரு செயலில் அடங்கியுள்ளது.

இனி, கொலன்னாவையில் வசிக்கும் ஓர் எழுதுவினைஞர் இவ்விளையாட்டில் நாட்டங்கொண்டார் என்று வைத்துக்கொள்வோம். இலங்கையிற் சுடுதளங்கள் பெரும்பாலும் முப்படையினரின் முகாம்களைச் சார்ந்தவை. பெயர்பெற்ற தியத்தலாவைத் தளத்துக்குச் செல்வதாயின் மலைநாட்டு ரயிலிலே ஏறக்குறைய ஒரு பகற்பொழுது கழிந்துவிடும். கொழும்பைச் சூழ்ந்த இடமொன்றிலே வாய்ப்புக் கிடைத்தாலும், அனுமதி பெற்று, பஸ் மாறி, வாயிலிற் காத்திருந்து, தம் முறை வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம், தளத்தில் இரண்டு மணி நேரம் என்று கணக்கிட்டால், கிடைத்த ஒரே விடுமுறை நாளில் ஆறு மணி நேரம் போய்விடும். அன்று அவர் 60 ரவைகள் சுடுகிறார். ஒவ்வொரு முறையும் குறிபார்த்து நிற்கும் நேரம் 10 செக்கன் எனக் கொண்டால், மொத்தம் 600 செக்கன். அதாவது 10 நிமிடம். ஆறு மணி நேரச் செலவுக்குப் பத்து நிமிடக் கல்வி! இவ்விளையாட்டை விரும்பித் தொடங்கியோர் சில மாதங்களிற் சோர்ந்து விலகுவதற்கு இக்கணக்கும் ஒரு காரணம் அன்றோ?

அவரே வீட்டில் நாளொன்றுக்கு 20 நிமிடம் ஒதுக்கி, ஆறுதலாக 30 முறை ரவையின்றி விசையை அழுத்திப் பழகுவாராயின், வாரத்தில் ஐந்து நாட்களில் 150 முறை அச்செயலைச் செய்தவராவார். பயணமில்லை; ரவைச் செலவில்லை; ஓசையுமில்லை. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 20ஆம் நாள் தம் ஊரின் எண்ணெய்க் குதங்கள் தாக்கப்பட்டுத் தீப்பற்றியதைக் கண்ட கொலன்னாவை மக்களுக்கு வெடியோசை விளையாட்டாகத் தோன்றாது. அயலாரின் நெஞ்சை அதிரவைக்காத பயிற்சி என்பதும் ஒரு சிறப்பே.

ரவையே இல்லாதபோது என்ன கற்க முடியும் என்று வினவலாம். இதற்கு விடை துப்பாக்கியின் அமைப்பில் இருக்கிறது. குழலின் நுனியில் முன்குறி என்னும் சிறு முனையும், கண்ணுக்கு அண்மையிற் பின்குறி என்னும் வெட்டும் உள்ளன. இவையிரண்டுக்கும் இடையிலான தூரம் ஏறத்தாழ 33 சென்ரிமீற்றர் எனக் கொள்வோம். கை முழுவதும் ஒரு மில்லிமீற்றர் பக்கவாட்டில் அசைந்தால், குறித்தாளிலும் ரவை ஒரு மில்லிமீற்றரே விலகும். அதனாற் பெருந்தீங்கு இல்லை. ஆனால் மணிக்கட்டுத் திரும்பி, முன்குறி பின்குறியின் நடுவிலிருந்து ஒரு மில்லிமீற்றர் விலகினால், 10 மீற்றருக்கு அப்பால் அப்பிழை 30 மில்லிமீற்றராகப் பெருகிவிடும். பத்தாக வேண்டிய புள்ளி ஏழாகிவிடும்.

துரோணர் நடத்திய தேர்விலே அருச்சுனன் மரத்தையும் கிளையையும் காணாது பறவையை மட்டுமே கண்டான் என்ற கதையை நாம் அறிவோம். கைத்துப்பாக்கிக்காரர் கற்கவேண்டிய பாடம் இதற்கு நேர்மாறானது. அவருடைய பார்வை இலக்கில் நிலைக்கலாகாது. முன்குறியில் நிலைக்க வேண்டும். இலக்கு மங்கித் தெரிந்தாற் போதும். மனித இயல்போ இலக்கையே நாடுவது. ஆகவே இலக்கே இல்லாத வெறுஞ்சுவர் சிறந்த ஆசானாகிறது. சுவரின் முன் நின்று, முன்குறியை மட்டும் கூர்ந்து நோக்கி, அது அசையாதவாறு விசையை அழுத்தப் பழகவேண்டும். விசை விடுபடும் கணத்தில் முன்குறி துள்ளினால், அது விரலின் பிழை. தளத்தில் வெடியும் அதிர்வும் மறைத்துவிடும் இப்பிழையை வீட்டின் அமைதி காட்டிக்கொடுக்கிறது. சுவரிற் பழகிய பின்னர், 3 மீற்றர் தூரத்திலே 18 மில்லிமீற்றர் விட்டமுள்ள கரும்புள்ளி ஒன்றை ஒட்டிப் பழகலாம். 10 மீற்றரில் உண்மையான கருவட்டம் கண்ணுக்குத் தோன்றும் அளவும் அதுவே.

கருவியின் தன்மையையும் அறிந்துகொள்ளல் வேண்டும். போட்டிக்கென அமைந்த காற்றுத் துப்பாக்கிகளில் வெறும் பயிற்சிக்கென்றே ஓர் ஒழுங்கு வைத்திருப்பார்கள். 0.22 அங்குல ரவைத் துப்பாக்கிகளிற் பலவற்றை வெறுமையாக இயக்கினால், அடிமுனை ரவையறையின் விளிம்பில் மோதிப் பழுதுண்டாகும். அவற்றுக்குப் போலி ரவை இடவேண்டும்.

ஆயினும் இப்பயிற்சிக்கு இரண்டு ஆபத்துகள் உண்டு. முதலாவது உயிராபத்து. ‘வெறுந்துப்பாக்கி’ என்று நம்பப்பட்ட துப்பாக்கியாற் பறிபோன உயிர்கள் உலகெங்கும் உண்டு. ஆகையாற் பயிற்சி செய்யும் அறையில் ரவை ஒன்றேனும் இருத்தலாகாது. அது வேறோர் அறையிற் பூட்டப்பட்டிருக்க வேண்டும். துப்பாக்கியின் அறையைக் கண்ணாலும் விரலாலும் இருமுறை சோதிக்க வேண்டும். மறுபுறத்தில் ஆள் நடமாட்டமில்லாத, உறுதியான சுவரையே தெரிந்தெடுக்க வேண்டும். வீடுகள் சுவரோடு சுவராக நெருங்கிய கொலன்னாவை போன்ற இடத்தில் இவ்விதி இருமடங்கு முக்கியமானது. பயிற்சி முடிந்ததும், “முடிந்தது” என்று வாய்விட்டுச் சொல்லிக் கருவியைப் பூட்டிவிட வேண்டும். ‘இன்னும் ஒரே முறை’ என்று மீண்டும் எடுக்கும் வேளையே விபத்து நிகழும் வேளை.

இரண்டாவது ஆபத்து நுட்பமானது. வெறுஞ்சுவர் யாரையும் தோற்கடிப்பதில்லை. அங்கே புள்ளியில்லை, போட்டியாளரில்லை, காலக்கெடுவில்லை. தவறான நிலையில் நின்று ஆயிரம் முறை பழகினால், அத்தவறு ஆயிரம் மடங்கு உறுதிப்படும். வெடியை எதிர்பார்த்து உடல் தானே கூசுகின்ற குற்றம் ரவையில்லாதபோது தலைகாட்டுவதேயில்லை. வீட்டுப் பயிற்சியிற் சிறந்து விளங்குபவர் தளத்தில் திகைத்து நிற்பதற்குக் காரணம் இதுவே. வீட்டில் மனனஞ் செய்த மாணவன், பரீட்சை மண்டபத்தில் வினா சற்று மாறிவந்தவுடன் மயங்குவதை இதற்கு ஒப்பிடலாம்.

ஆகவே சுடுதளம் கற்குமிடம் என்பதைவிட, கற்றதைச் சோதிக்குமிடம் என்பதே பொருந்தும். அங்கே செல்பவர் ரவைகளை எண்ணித் தீர்த்துவிட்டுத் திரும்புதல் கூடாது. முதற் சில ரவைகளாற் குறிகள் சரியாக உள்ளனவா என்று பார்க்க வேண்டும். பின்பு ஒவ்வொரு முறை சுட்டதும், குறித்தாளைப் பார்க்குமுன் ரவை எங்கே பட்டிருக்கும் என்று தமக்குள்ளே சொல்லிக்கொள்ள வேண்டும். சொன்னதும் கண்டதும் ஒத்தால், பிழை நேர்ந்தாலும் அதன் காரணம் அறியப்பட்டது என்று பொருள். 0.22 ரவைத் துப்பாக்கியாயின், நண்பர் ஒருவரைக் கொண்டு மெய்யான ரவைகளிடையே ஓரிரு போலி ரவைகளைத் தமக்குத் தெரியாமற் கலந்து இடச் செய்யலாம். போலி ரவை வந்த வேளையில் குழல் கீழே தாழ்ந்தால் உடலின் கூச்சம் வெளிப்பட்டுவிடும். எஞ்சிய ரவைகளைப் போட்டி விதிப்படி, கடிகாரத்தை எதிரே வைத்துச் சுடவேண்டும். அன்று கண்ட குறைகளைக் குறிப்பேட்டில் எழுதிவந்தால், அடுத்த வார வீட்டுப் பயிற்சிக்குப் பாடத்திட்டம் ஆயத்தமாகிவிடும்.

தனிமையிற் செய்யும் பயிற்சி எவ்வளவு உயர்த்தும் என்பதற்கு ஹங்கேரி நாட்டுப் படைவீரர் கரோலி தக்காச் சான்றாவார். 1938ஆம் ஆண்டிலே கைக்குண்டொன்று வெடித்து அவருடைய வலக்கை சிதைந்தது. சுடுவதற்குப் பழகிய கை அதுவே. அவர் மனந்தளராது, பிறர் அறியாமல் இடக்கையாற் பழகினார். மறுவருடமே நாட்டுப் போட்டியில் வென்றார். போர் காரணமாக ஒலிம்பிக் விளையாட்டுகள் இருமுறை நடைபெறாதுபோயின. அதன் பின்னர், 1948இல் லண்டனிலும் 1952இல் ஹெல்சிங்கியிலும் 25 மீற்றர் விரைவுச் சூட்டுப் போட்டியில் தங்கப்பதக்கம் பெற்றார்.

வீட்டிற் பயில முடியாதவையும் உண்டு என்பதற்கு இந்திய வீராங்கனை மனு பாக்கரின் அனுபவம் சான்று. 2021இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கின் தகுதிச் சுற்றில் அவருடைய துப்பாக்கி நடுவழியிற் பழுதடைந்தது. அருமையான நிமிடங்களை இழந்த அவர் இறுதிச் சுற்றை எட்டவில்லை. அந்தப் பதற்றத்தை எந்தச் சுவரும் முன்கூட்டிக் கற்பித்திருக்க இயலாது. ஆனால் அவர் மீண்டும் எழுந்தார்; 2024இல் பாரிஸ் நகரிலே 10 மீற்றர் தனிப் போட்டியிலும், சரப்ஜோத் சிங்குடன் சேர்ந்து கலப்பு இரட்டையர் போட்டியிலும் வெண்கலப் பதக்கங்களைப் பெற்றார்.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கினால் ஓர் அளவு புலப்படும். வாரத்தில் ஐந்து நாட்கள் வீட்டில் 20 நிமிடம். இரு வாரத்துக்கு ஒருமுறை தளம். போட்டி நெருங்கும்போது வாரத்துக்கு ஒருமுறை தளம். களைப்புற்ற நாளில் 30 முறைக்குப் பதிலாகப் பத்து முறை செய்தாலும் அவை கவனத்தோடு செய்த பத்தாக இருத்தல் வேண்டும். கவனம் கலைந்தபின் செய்யும் பயிற்சி பிழைக்குச் செய்யும் பயிற்சி.

துப்பாக்கியே வீட்டில் இல்லாதவர் என்ன செய்வது? இலங்கையிலே 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டப்படி உரிமம் இன்றித் துப்பாக்கி வைத்திருத்தல் குற்றம். ஆகையாற் பயில்வோருட் பலர் கழகத்தின் அல்லது படையணியின் துப்பாக்கியையே நம்பியிருப்பர். அவர்களுக்கும் வழி உண்டு. ஒரு கிலோகிராம் அளவு தண்ணீர் நிரப்பிய போத்தலை நீட்டிய கையிலே தாங்கி நிற்கப் பழகலாம். மூச்சை அடக்கும் அளவை அறியலாம். கண்ணை மூடிக் கையை உயர்த்தி, கண்ணைத் திறந்து, கை சுவரிலிட்ட அடையாளத்துக்கு நேராக உள்ளதா என்று பார்க்கலாம். விலகியிருந்தாற் கையைத் திருப்பலாகாது. பாதத்தை நகர்த்த வேண்டும். உடல் தன் இயல்பிலேயே இலக்கை நோக்கி நிற்கும் நிலை இவ்வாறே கண்டறியப்படுகிறது.

தூரத்திலுள்ள தளமும் விலையுயர்ந்த ரவையும் எளியவரின் ஆர்வத்துக்குத் தடைகளே. எனினும் அவை அடைக்க முடியாத ஒரு கதவு உண்டு. மாலையிலே பணியிலிருந்து திரும்பிக் கைகால் கழுவி, அறையிற் சுவரின் முன்னே இருபது நிமிடம் அமைதியாக நிற்பவருக்கு அது திறந்தே இருக்கிறது. அங்கே நேர்மையோடு பழகியவர் சுடுதளத்தை அடையும்போது, அவருடைய ஆறு மணி நேரப் பயணம் வீண்போவதில்லை.