மார்கழி மாவும் ஜனவரித் தீர்மானமும்

டீ சூடாக இருக்கும்போதே ஆரம்பித்துவிடலாம். இந்தக் குளிரில் அது ஆற நேரம் ஆகாது.

மார்கழியில் நமக்கு இரண்டு ஆசைகள் சேர்ந்தே வருகின்றன. போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு இன்னும் கொஞ்சம் படுத்திருக்க வேண்டும் என்பது ஒன்று. ஜனவரி 1 முதல் ஐந்து மணிக்கு எழுந்து நடக்கப் போக வேண்டும் என்பது இன்னொன்று. இரண்டுமே நியாயமானவைதான். இரண்டையும் அதே ஐந்து மணிக்கு வைத்துக்கொள்கிறோம் பாருங்கள், சிக்கல் அங்கேதான்.

புத்தாண்டுத் தீர்மானம் என்றாலே சிலருக்குச் சிரிப்பு வரும். அவ்வளவு சிரிக்க வேண்டியதில்லை. அமெரிக்க உளவியலாளர் ஜான் நார்கிராஸ் குழுவினர் 2002-ல் வெளியிட்ட ஆய்வில் இரண்டு வகை ஆட்களைப் பின்தொடர்ந்தார்கள். புத்தாண்டில் தீர்மானம் எடுத்தவர்கள் ஒரு பக்கம். மாற வேண்டும் என்ற எண்ணம் இருந்தும் தீர்மானம் எடுக்காதவர்கள் இன்னொரு பக்கம். ஆறு மாதம் கழித்துக் கேட்டபோது, முதல் வகையில் 46 சதவீதம் பேர் வெற்றிகரமாகத் தொடர்வதாகச் சொன்னார்கள். இரண்டாம் வகையில் 4 சதவீதம். அவரவர் வாயால் சொன்ன கணக்குதான், கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம். கழித்தாலும் வித்தியாசம் பெரிது.

அப்படியானால் மீதிப் பாதிப் பேர் எங்கே நழுவுகிறார்கள்? பலர் நழுவும் இடத்தில் ஒரு எண் நிற்கிறது: 21. “எதையும் 21 நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும்” என்று உங்களிடமும் யாராவது சொல்லியிருப்பார்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ரோஜாப்பூப் படத்தோடு வந்திருக்கும்.

இந்த எண் ஓர் அறுவை சிகிச்சை மருத்துவரிடமிருந்து கிளம்பியது. மேக்ஸ்வெல் மால்ட்ஸ் அமெரிக்காவில் முகச்சீரமைப்பு செய்துவந்தவர். மூக்கைத் திருத்திக்கொண்டவர்களுக்குக் கண்ணாடியில் தெரியும் புது முகம் பழகக் குறைந்தது சுமார் 21 நாள் ஆகிறது என்று கவனித்தார். 1960-ல் ‘சைக்கோ-சைபர்னெட்டிக்ஸ்’ என்ற புத்தகத்தில் அதை எழுதினார். புத்தகம் லட்சக்கணக்கில் விற்றது. வாய் மாறி வாய் போனதில் ‘குறைந்தது’ உதிர்ந்தது, ‘சுமார்’ உதிர்ந்தது, மூக்கும் உதிர்ந்தது. 21 மட்டும் மிஞ்சியது. நமக்கு அதை நம்புவது சுலபமாகவும் இருந்திருக்கும்; சபரிமலைக்கு 41 நாள், மருந்துக்கு ஒரு மண்டலம் என்று நாள் எண்ணிப் பழகியவர்கள் நாம். ஆனால் விரதம் முடியும் தேதியோடு வருவது. மாலையைக் கழற்றியதும் பழையபடி சாப்பிடலாம். பழக்கத்துக்கு அப்படிக் கழற்றும் நாள் கிடையாது.

உண்மையில் எத்தனை நாள் என்று லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் பார்த்தார்கள். 96 பேர், 12 வாரம். ஒவ்வொருவரும் ஒரு சின்னக் காரியத்தைத் தேர்ந்துகொண்டு, தினமும் ஏதோ ஒரு வேளையோடு சேர்த்துச் செய்ய வேண்டும்: சாப்பாட்டோடு ஒரு பழம், இரவுச் சாப்பாட்டுக்கு முன் சிறிது ஓட்டம், இந்த மாதிரி. யோசிக்காமல், தன்னால் நடந்ததா என்று அவர்களே குறித்துவந்தார்கள். முடிவு 2009-ல் வெளியானது. அந்தத் ‘தன்னால்’ நிலைக்கு வர நடுத்தரமாக 66 நாள் தேவைப்பட்டது. ஆனால் 66-ஐப் பிடித்துக்கொண்டு 21-ஐ விட்டதில் பெரிய லாபமில்லை. பார்க்க வேண்டியது இரண்டு ஓரங்களை: ஒருவருக்கு 18 நாள், இன்னொருவருக்கு 254 நாள். இந்த 254, ஆய்வு 84 நாளில் முடிந்துவிட்டதால், அவருடைய வரைகோட்டை நீட்டிக் கணக்கிட்டது. உடற்பயிற்சி வகைக் காரியங்கள், சாப்பிடுவது குடிப்பது போன்றவற்றைவிட மெதுவாகவே படிந்தன.

ஏன் இத்தனை வித்தியாசம்? இட்லி மாவை நினைத்துப் பாருங்கள். சித்திரையில் ராத்திரி கரைத்து வைத்தால் விடிவதற்குள் பாத்திரத்தை மீறிப் பொங்கியிருக்கும். மார்கழியில் அதே உளுந்து, அதே அரிசி, அதே கை. காலையில் மூடியைத் திறந்தால் வைத்தது வைத்தபடி இருக்கும். அதற்காக யாரும் மாவைக் கொட்டுவதில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் நகர்த்துகிறோம், துணி சுற்றி வைக்கிறோம், டிபனுக்கு உப்புமா கிண்டிவிட்டு இட்லியை ராத்திரிக்குத் தள்ளுகிறோம். தீர்மானத்தை மட்டும் 22-ஆம் நாள் காலையில் திறந்து பார்த்து, “எனக்கு மன உறுதி இல்லை” என்று கொட்டிவிடுகிறோம்.

லாலி ஆய்வில் இன்னொரு சேதியும் உண்டு. 66-ஐவிட இதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. நடுவில் ஒரு நாள் தவறிப்போனால், பழக்கம் படிவது அதனால் குறிப்பிடும்படி பாதிக்கப்படவில்லை. உறவுக்காரர் கல்யாணத்துக்குப் போய் ஒரு நாள் நடக்கவில்லை என்றால், மறுநாள் நடந்தால் போதும். முதலிலிருந்து எண்ண வேண்டியதில்லை.

சரி, மாவை அடுப்புப் பக்கம் நகர்த்துவது எப்படி? 1997-ல் பீட்டர் கோல்விட்சரும் வெரோனிகா பிராண்ட்ஷ்டேட்டரும் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு வழி சொல்கிறது. கிறிஸ்துமஸ் விடுமுறைக்குக் கிளம்பும் மாணவர்களிடம், பண்டிகை முன்னிரவை எப்படிக் கழித்தீர்கள் என்று 48 மணி நேரத்துக்குள் எழுதி அனுப்பச் சொன்னார்கள். பாதிப் பேரிடம் மட்டும், எப்போது, எங்கே உட்கார்ந்து எழுதப் போகிறீர்கள் என்றும் முன்கூட்டியே குறிக்கச் சொன்னார்கள். குறித்தவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் நேரத்துக்குள் எழுதி முடித்தார்கள். குறிக்காதவர்களில் மூன்றில் ஒரு பங்குதான். பண்டிகை வீட்டின் கதகதப்பில் எழுந்துபோய் எழுதுவது லேசான வேலை இல்லை.

ஆகவே “தினமும் நடப்பேன்” என்பதைவிட, “காபி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்ததும் செருப்பு மாட்டித் தெருமுனை வரை போவேன்” என்று எழுதிக்கொள்வது நல்லது. தெருமுனை போதுமா என்றால், ஜனவரிக்குப் போதும்.

அந்த ஐந்து மணியைப் பற்றியும் ஒரு வார்த்தை. டிசம்பர் 21-க்குப் பிறகு பகல் நீள ஆரம்பிக்கிறது, உண்மைதான். ஆனால் அந்த நீட்சி முதலில் சாயங்காலத்தில்தான் சேர்கிறது. சென்னையில் டிசம்பர் 21 அன்று சூரியன் உதிப்பது ஏறக்குறைய 6:27-க்கு. புத்தாண்டு அன்று 6:31. ஜனவரி மூன்றாம் வாரம் வாக்கில் 6:36 வரை தள்ளிப்போய்விட்டுத்தான் திரும்புகிறது. நாம் உறுதி எடுக்கும் நாளிலிருந்து பொங்கல் தாண்டும் வரை விடியல் நம்மை ஏமாற்றிக்கொண்டே இருக்கிறது. அதனால் இப்போதைக்கு நடையைச் சாயங்காலத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் நடுவில் ஆறு மணிக்கு முன்பே விடிந்துவிடும். வெயிலுக்குப் பயந்து அப்போது நீங்களே காலைக்கு மாறிவிடுவீர்கள்.